இரண்டடித் தொட்டியில் திணை

ஆசியா என்ற பெயரில் எந்த ஆறும் ஓடவில்லை. மீன் வளர்ப்பவர்களின் பேச்சில் மட்டும் அப்படியொன்று ஓடுகிறது. தென் அமெரிக்கத் தொட்டி, ஆப்பிரிக்க ஏரித் தொட்டி, ஆசியத் தொட்டி என்று கண்டங்களைக் கண்ணாடிக்குள் பிரித்து வைப்பது இந்தப் பொழுதுபோக்கின் பழைய வழக்கம். அதில் ஒரு நன்மையும் உண்டு. அமேசானின் ஏஞ்சலையும் மலாவி ஏரியின் சிக்லிட்டையும் ஒரே நீரில் போட்டுப் படுத்தாமல் இருக்க அது உதவியிருக்கிறது. ஆனால் கண்டம் என்பது நிலத்தின் மேல் மனிதர்கள் போட்ட கணக்கு. மீனுக்குத் தெரிந்ததெல்லாம் ஓடையின் ஒரு வளைவோ வயலின் ஒரு மூலையோதான்.

ஆசிய மீன்கள் என்று ஒரே பட்டியலில் வரும் நான்கைப் பார்க்கலாம். ஒயிட் கிளவுட், சீனத்தில் குவாங்சோ நகரை ஒட்டிய பாய்யுன் மலையின் ஓடைகளைச் சேர்ந்தது. டான் என்ற சாரணர் தலைவர் கண்டெடுத்த அந்த மீனை ஆய்வாளர் லின் ஷு-யென் 1932-இல் விவரித்தார். 18 முதல் 22 டிகிரி வரையிலான குளிர்ந்த நீரில்தான் அது சுகமாக இருக்கும். கேலக்ஸி ரஸ்போரா என்று வணிகத்தில் பெயர் வாங்கிய புள்ளி மீன், 2006-இல் மியன்மாரின் ஷான் மாநிலத்தில் ஹோபோங் அருகே, ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில், செடி அடர்ந்த குட்டைகளில் கண்டறியப்பட்டது. ஹார்லெக்வின் ரஸ்போரா மலாய் தீபகற்பத்திலும் சுமத்ராவிலும் காட்டுச் சதுப்புகளின் பழுப்பேறிய, உப்புச்சத்தே இல்லாத மென்னீரில் வாழ்வது. நம் ஊரில் ஃபைட்டர் என்று எல்லோருக்கும் தெரிந்த பெட்டா, மத்திய தாய்லாந்தின் வயல்களிலும் சதுப்புகளிலும், வெயிலில் சூடேறிக் காற்று குறைந்த ஆழமில்லாத நீரில் பிறந்தது. நான்குக்கும் பட்டியலில் ஒரே அடைமொழி. மே மாதத்தில், மின்விசிறி மட்டும் ஓடும் ஒரு சென்னை அறையில் தொட்டி நீர் 31, 32 டிகிரியைத் தொடும்போது அந்த அடைமொழிக்கு என்ன பொருள்? நீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். ஃபைட்டர் மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டுப் போய்விடும். ஒயிட் கிளவுட்டுக்கு அந்த வழி இல்லை. செவுள்கள் படபடக்கத் தாக்குப்பிடிக்கும் வரை தாக்குப்பிடிக்கும்.

தமிழ் படித்தவருக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. நிலத்தை அரசர்களின் எல்லைகளால் பிரிக்காமல் அங்கே நடக்கும் வாழ்க்கையால் பிரித்த இலக்கணம் நம் கையில் இருக்கிறது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். தொட்டியில் அது நீரின் வெப்பம், கடினத்தன்மை, ஓட்டம், வெளிச்சம். கருப்பொருள் என்பது அந்த நிலத்தின் மரமும் பூவும் பறவையும். தொட்டியில் செடி, கல், மரக்கட்டை. உரிப்பொருள் என்பது ஒழுக்கம், அதாவது அங்கே உயிர்கள் நடந்துகொள்ளும் விதம். உரிப்பொருள் அல்லாதவை மயங்கலாம் என்று தொல்காப்பியம் தாராளமாக இடம் தருகிறது. சிறிய மீன் தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான விதியை எந்த வளர்ப்புக் கையேட்டிலும் நான் பார்க்கவில்லை. சுமத்ராவின் கட்டையும் இலங்கையின் செடியும் கலக்கலாம். மீனின் ஒழுக்கம் கலக்கக்கூடாது.

அப்படியானால் ஒரே இடத்து மீன்களை ஒன்றாகப் போட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. சங்கப் பாட்டில் மருதத்தின் பேர்பெற்ற மீன் வாளை. ஒரு மீட்டருக்கு மேல் வளரும் வேட்டை மீன் அது. அதே வயல் வாய்க்காலில் வாழும் சின்னக் கெண்டைகளோடு அதை வைத்தால், மறுநாள் காலை வாளை மட்டும் இருக்கும். ஊரும் நீரும் ஒன்றாக இருப்பது அண்டை வீட்டுக்காரர் ஆவதற்குத்தான் போதும். வேட்டையாடுவதும் ஒழுக்கம்தான், அதற்குத் தப்பி ஓடுவதும் ஒழுக்கம்தான். ஆற்றில் தப்புகிறவனுக்குக் கல் தொலைவு நீர் இருக்கிறது. இரண்டடித் தொட்டியில் இரண்டடிதான் இருக்கிறது.

இரண்டடி என்றால் எவ்வளவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கணக்குப்படி சுமார் 56 லிட்டர். மணல், கல், கட்டை, மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 45 லிட்டர் நீர் மிஞ்சினால் பெரிது. இந்த நீருக்குள்தான் தின்பது, கழிப்பது, பயப்படுவது, குடும்பம் நடத்துவது எல்லாம். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை ஓரளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியிலும் மணலிலும் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் பத்து மீனை இறக்கிவிட்டு, ராசியில்லை என்று சொல்பவர்கள் அதிகம். ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது. காரமும் வெப்பமும் கூடும்போது அதே அளவு அம்மோனியா இன்னும் கொடிய நஞ்சாகிறது. ராசி என்பது பாதிக்கு மேல் இந்த வேதியியல்தான்.

"அண்ணா, இது பெருசாகுமா?"

"தொட்டி அளவுக்குத்தான் சார் வளரும்."

இந்த உரையாடல் நடக்காத வண்ணமீன் கடை தமிழ்நாட்டில் இருக்கிறதா என்று தெரியவில்லை. பொய் என்றுகூடச் சொல்ல முடியாது, அரைகுறை நம்பிக்கை. போதாத நீரில் மீனின் வளர்ச்சி குன்றும் என்பது உண்மை. அப்படிக் குன்றுவதற்குப் பெயர் நோய். ஆசியப் பட்டியலில் இந்த வகை ஏமாற்றம் கொஞ்சம் அதிகம். இரண்டு அங்குலக் குஞ்சாக மின்னும் பாலா ஷார்க் ஓரடிக்கு வளரும். ஆரஞ்சும் கறுப்புமான கிளவுன் லோச், சுமத்ரா, போர்னியோ ஆறுகளைச் சேர்ந்தது, அதுவும் ஓரடியை எட்டும், இருபது ஆண்டுக்கு மேல் வாழும். ஷார்க் என்ற பெயரிலேயே கண்ணாடிப் பெட்டிகளில் அலையும் பங்காசியஸ் குஞ்சு, மேகாங், சாவோ பிரயா ஆறுகளில் ஒரு மீட்டரைத் தாண்டும். உணவகத்தில் முள்ளில்லா மீன் துண்டாக நாம் தின்பதும் அதுதான். ரெட் டெயில் ஷார்க் அவ்வளவு பெரிதாகாது, ஆனால் ஒரு கட்டைக்கு அடியில் இடம் பிடித்தால் தொட்டி முழுவதும் தன் பட்டா நிலம் என்று நினைத்துக்கொள்ளும். தாய்லாந்தின் இயற்கை நீர்நிலைகளில் அது கிட்டத்தட்ட இல்லாமல் போய்விட்டது, பண்ணைகளில் கோடிக்கணக்கில் பிறக்கிறது. காட்டில் இல்லாமல் கடையில் மட்டும் இருக்கும் உயிர்களின் வரிசை நீண்டுகொண்டே போவதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

நம் கடைகளில் மீனை ஜோடிக் கணக்கில் விற்கிறார்கள். கப்பி ஜோடி இவ்வளவு, மோலி ஜோடி இவ்வளவு. குட்டி போடும் இந்த இரண்டிலும் ஆண் எது பெண் எது என்பது சிறுவனுக்கும் தெரியும், வழக்கம் அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் விற்பவருக்கே ஆண் பெண் தெரியாத ஹார்லெக்வினும் டைகர் பார்ப்பும்கூட ஜோடியாகத்தான் பாலித்தீன் பையில் ஏறுகின்றன. வாங்குகிறவரும் அப்படித்தான் கேட்கிறார். ஒற்றையாக வாங்கினால் பாவம், தனியாக இருக்கும். மூன்றாக வாங்கினால் ஒன்று மிச்சமாகும். குடும்பம் என்றால் இருவர் என்ற நம் கணக்கை மீனுக்கும் கொடுத்துவிட்டோம்.

மீனின் கணக்கு வேறு. ஃபைட்டர் ஆணுக்குச் சரியான எண் ஒன்று. பெண்ணைச் சேர்ப்பது முட்டையிடும் சில மணி நேரத்துக்கு மட்டும், அது முடிந்ததும் அவளை எடுத்துவிடாவிட்டால் துரத்தியே கிழித்துவிடும். மருதத்து ஊடலின் மிகக் கொடிய வடிவம் என்று சொல்லிக்கொள்ளலாம். குராமிகளில் ஓர் ஆணுக்கு இரண்டு பெண் இருந்தால் துரத்தல் பங்கிடப்படும். ஹார்லெக்வினுக்கு எட்டோ பத்தோ வேண்டும். இரண்டு ஹார்லெக்வின் ஒரு ஜோடி ஆகாது, கூட்டத்தைத் தொலைத்த இரண்டு மீன் என்றுதான் சொல்ல வேண்டும். கூட்டமாக வாழும் மீனுக்கு ஆபத்தைக் கவனிக்கும் வேலை பலருக்கும் பங்கிட்டது. ஒன்று பார்த்துக்கொண்டால் மற்றது தின்னலாம். அந்தப் பங்கு இல்லாதபோது ஒவ்வொரு நொடியும் அதுவே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூலையில் ஒண்டும், நிறம் வெளுக்கும், தின்ன வருவதற்கே தயங்கும். டைகர் பார்ப்பில் இது வேறு விதமாக வெளிப்படும். அது கூட்டத்துக்குள் யார் பெரியவர் என்று ஓயாமல் துரத்தி விளையாடும் மீன். பத்து இருந்தால் அந்தச் சண்டை அவற்றுக்குள்ளேயே தீரும். இரண்டு மூன்று மட்டும் இருந்தால் பக்கத்தில் மெதுவாக நீந்தும் குராமியின் மயிரிழைத் துடுப்பிலும் ஃபைட்டரின் பட்டுப்பாவாடை வாலிலும் தீரும். அதைப் பார்த்துவிட்டு டைகர் பார்ப் கெட்ட மீன் என்று முடிவுகட்டுகிறோம். பாதிக் குற்றம் ஜோடிக் கணக்கினுடையது.

முதல் தொட்டி வைக்கும் யாரும் ஐந்து வகையில் ஒவ்வொரு ஜோடி என்று பத்து மீன் வாங்குவார்கள். ஒரே வகையில் பத்து வாங்கினாலும் எண் பத்துதான். முதலாவது பேருந்து நிலையக் காத்திருப்பு அறை. இரண்டாவதில்தான் ஒரு சமூகம் இருக்கிறது, அதன் பிணக்குகளோடும் சடங்குகளோடும். சிறிய தொட்டிக்கு மீன் தேர்வது பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொல்ல அனுமதித்தால் இதைத்தான் சொல்வேன்: வகையைக் குறையுங்கள், எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

உருவம் சிறிது என்றால் சாது என்று நம்புவது அடுத்த மயக்கம். கேரளத்தின் பம்பை ஆற்றிலிருந்து 1941-இல் விவரிக்கப்பட்ட பட்டாணி பஃபர் ஓர் அங்குலம்தான் இருக்கும். பெரிய கண்களை உருட்டி உருட்டி நம்மைப் பார்க்கும், கடையில் யாருக்கும் பிடித்துவிடும். நத்தைகளை ஓட்டிலிருந்து பிடுங்கித் தின்பதற்கான பல் அதற்கு. நத்தை தீர்ந்தால் அடுத்தவர் வால். பாசி தின்னும் என்று விற்கப்படும் சைனீஸ் ஆல்கே ஈட்டர், குஞ்சில் பாசி தின்பது உண்மைதான். வளர வளரச் சோம்பேறியாகித் தட்டையான உடம்புள்ள மீன்களின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு அவற்றின் மேல்தோல் வழுவழுப்பைச் சுரண்டத் தொடங்கும்.

இவை எல்லாம் கண்ணால் பார்க்கக்கூடிய சண்டை. பார்க்க முடியாததும் ஒன்று உண்டு. தேனீக்களின் நடனத்தைப் படித்தறிந்ததற்காகப் பின்னால் நோபல் பரிசு பெற்ற கார்ல் ஃபான் ஃப்ரிஷ், 1938-இல் ஒரு சிறு நன்னீர் மீனை வைத்துக் காட்டினார்: காயம்பட்ட மீனின் தோலிலிருந்து ஒரு பொருள் நீரில் கரைகிறது, அதை முகர்ந்த இனத்தார் பதறிச் சிதறுகிறார்கள். கெண்டைக் குடும்பத்துக்கும் அயிரை, கெளுத்தி போன்றவற்றுக்கும் இந்த ஆற்றல் பொது. ஓடையில் அந்த எச்சரிக்கை சில கணங்களில் அடித்துச் செல்லப்பட்டுவிடும். 45 லிட்டரில் ஒரு பார்ப்பின் தோல் கிழிந்தால் அந்த அச்சம் தொட்டி முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். எதுவும் நடக்காத தொட்டியில் மீன்கள் ஏன் மிரண்டு கிடக்கின்றன என்று குழம்பும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பொருத்தம் என்பதை நாம் நட்பு என்று எடுத்துக்கொள்கிறோம். தென்னிந்தியாவின், இலங்கையின் கழிமுகங்களில் இரண்டு எட்ரோபிளஸ் மீன்கள் சேர்ந்து வாழ்கின்றன. பெரியது கேரளத்தில் கரிமீன் என்று இலையில் பொள்ளிப்பது. சிறியது மஞ்சள் ஆரஞ்சு நிறத்தில் உள்ளங்கைக்குள் அடங்குவது. சின்ன மீன் பெரிய மீனின் உடம்பில் ஒட்டிய ஒட்டுண்ணிகளையும் பூஞ்சையையும் கொத்திச் சுத்தம் செய்வதை ஆய்வாளர்கள் 1970-களில் பதிவு செய்தார்கள். பெரியது அசையாமல் நின்று காட்டிக்கொண்டிருக்கும். அதே சின்ன மீன், பெரியது முட்டையிட்டுக் காக்கும்போது கூட்டமாக வந்து அந்த முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்னும். மருத்துவரும் அவரே, திருடரும் அவரே. இதில் எது பொருத்தம்? இரண்டும்தான். நீர் விரிந்திருக்கும்வரை ஒன்றின் நன்மை மற்றதன் தீமையைச் சமாளித்துவிடுகிறது. இந்த இரண்டையும் சிறிய நன்னீர்த் தொட்டிக்குப் பரிந்துரைக்க மாட்டேன். உவர்நீர் அவற்றின் வீடு, அது நெய்தல்.

நமக்கு வேண்டியது மருதம். அதுவும் கோடையில் திரிந்துபோகும் மருதம். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். வயலும் வாய்க்காலும் வற்றும்போது மீனுக்கும் ஒரு பாலை வருகிறது. நீர் சூடாகிறது, சேறாகிறது, காற்று தீர்கிறது. அந்தப் பாலையைக் கடக்க ஆசியாவின் ஒரு மீன் குலம் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பை உண்டாக்கிக்கொண்டது. அதைக் கொண்டு நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும். குராமி, ஃபைட்டர், பனையேறிக் கெண்டை எல்லாம் இந்தக் குலம். பனையேறிக் கெண்டைக்கு உலகப் பெயர் வாங்கிக்கொடுத்த ஊர் தரங்கம்பாடி. அங்கிருந்த டேனிஷ் படை அதிகாரி டால்டார்ஃப், 1791-இல் நீர் மட்டத்துக்கு ஐந்தடி மேலே பனைமரத்தின் பட்டை இடுக்கில் ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பிடித்ததாக எழுதினார். 1797-இல் லண்டனில் லின்னேயன் சங்கத்தின் இதழில் அது வந்தது. பருந்தோ காக்கையோ தூக்கிவந்து போட்டிருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். மரம் ஏறியதோ இல்லையோ, தரையில் நகர்ந்து அடுத்த குட்டைக்குப் போகும் என்பதில் ஐயமில்லை. தொட்டியில் வைத்தால் மூடியைத் திறந்துபோடாதீர்கள். அதைவிட, வைக்காமலே இருப்பது நல்லது. முரட்டு மீன், எதையும் தின்னும்.

அந்தக் குலத்திலேயே சாதுவான ஒன்று இருக்கிறது, அதுவும் நம் ஊர்க்காரன். புதுச்சேரிக்குத் தெற்கே ஓடும் அரியாங்குப்பம் ஆற்றில் பிடித்த மீனை வைத்து 1831-இல் பிரெஞ்சு அறிஞர்கள் பெயரிட்டார்கள். அறிவியல் பெயரின் பின்பாதியான 'குபானஸ்' அந்த ஊர்ப் பெயரின் திரிபு. முன்பாதி சூடோஸ்ஃப்ரோமெனஸ், வாயில் நுழையாது. இரண்டரை அங்குலத்துக்கு மேல் வளராது. பார்த்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும், வெறும் பழுப்பு. இலை நிழலில் பழகி ஒரு மாதம் போனால் துடுப்பு விளிம்பில் நீலமும் வாலில் சிவப்பும் எழும். முட்டையிடும் காலத்தில் பெண் கறுத்துவிடும். மிதக்கும் இலைக்கு அடியிலோ கட்டைப் பொந்திலோ ஆண் நுரைக்கூடு கட்டும். வயல் வாய்க்காலும் தாமரைக்குட்டையும் அதன் வீடு, 30 டிகிரி வெயில் நீர் அதற்குப் புதிதில்லை. ஃபைட்டருக்குத் தாய்லாந்து 2019-இல் தேசிய நீர்வாழ் உயிர் என்ற பட்டம் கொடுத்தது. அரியாங்குப்பத்து மீனுக்கு நாம் ஒரு தமிழ்ப் பெயரைக்கூட ஊரறியப் புழக்கத்தில் வைத்திருக்கவில்லை.

அதற்குத் துணையாக அடியில் அயிரை. ஆம், மதுரைப் பக்கம் குழம்பு வைக்கும் அதே அயிரைதான். குழம்பில் அதைத் தெரிந்த பலர் தொட்டியில் அதைப் பார்த்ததில்லை. மலேசியாவிலிருந்து வரும் குஹ்லி லோச்சை நல்ல விலை கொடுத்து வாங்குகிறவர்கள், அதே குணமுள்ள உறவினர் உள்ளூர்ச் சந்தையில் உயிரோடு துள்ளிக்கொண்டிருப்பதைக் கவனிப்பதில்லை. மெல்லிய மணல் வேண்டும், கூர்ங்கல் கூடாது. மணலுக்குள் புதைந்து கண் மட்டும் வெளியே தெரியக் கிடக்கும், மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே சலித்துத் துப்பும். சந்தையிலிருந்து கொண்டுவந்தால் மூன்று வாரமாவது தனித் தொட்டியில் வைத்து நோய் நொடி பார்த்துவிட்டுச் சேர்க்க வேண்டும். மேலே ஐந்தாறு குபானஸ், அடியில் ஏழெட்டு அயிரை. இரண்டடித் தொட்டிக்கு இரண்டு இனம் போதும். நிறம் போதவில்லை என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, பழகினால் போதும் என்பதைத் தவிர.

கடையில் கிடைப்பதை வைத்துத்தான் செய்ய முடியும் என்றால் வேறு இரண்டு வழி உண்டு. இலங்கையின் ஈர வலயத்தில், களனி முதல் நில்வளா வரையான ஆற்றுப்படுகைகளில், மரநிழல் விழும் ஆழமில்லாத ஓடைகளின் மீன் செர்ரி பார்ப். 1929-இல் இலங்கை ஆய்வாளர் தெரணியகல விவரித்தது. இப்போது கடைகளில் இருப்பவை பண்ணையில் பிறந்தவை. பத்து வாங்குங்கள், பெண் அதிகமாக, ஆண் குறைவாக. வெளிச்சத்தைக் குறைத்து இலைச்சருகு போட்டால் ஆண்கள் மிளகாய்ப் பழமாகச் சிவக்கும். பளிச்சென்ற கடை விளக்கின் கீழ் அவை ஏன் வெளுத்திருந்தன என்பது அப்போது புரியும். இன்னொரு வழி, பத்து ஹார்லெக்வின், ஆறு குஹ்லி, கங்கைப் படுகையின் சின்னத் தேன் குராமி ஆண் ஒன்று பெண் இரண்டு. நீர் வெவ்வேறு, ஒழுக்கம் ஒன்று. எல்லாமே மெதுவாக நடப்பவை, யாரும் யார் வாலையும் தொடுவதில்லை. இதைத்தான் அனுமதிக்கத் தக்க திணைமயக்கம் என்பேன். இங்கே சீப்ராவைச் சேர்க்க ஆசை வரும், வேண்டாம். 1822-இல் மீன் ஆய்வாளர் ஹாமில்டன் கோசி ஆற்றிலிருந்து விவரித்த அந்த மீன் ஒரு கணம் நிற்காது. தின்பதற்கு வந்த குராமியை உணவுக்குப் பக்கத்திலேயே வரவிடாது. சண்டை போடாமலேயே பட்டினி போடும்.

ஹாமில்டன் பெயர் வந்ததால் ஒரு கிளைக்கதை. பார்ப் குடும்பத்தை 2012-இல் பிரித்து அடுக்கிய இலங்கை அறிஞர்கள், மேற்குத்தொடர்ச்சி மலையின் ஒரு குழுவுக்கு 'திராவிடியா' என்று பேரினப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் ஏற்கெனவே ஓர் ஈக்குப் போய்விட்டது தெரிந்ததும் மறு ஆண்டு மாற்ற வேண்டியதாயிற்று. புதுப்பெயர் 'ஹலுதாரியா'. ஹாமில்டனின் கங்கை மீன் நூலுக்குப் படம் வரைந்த ஹலுதார் என்ற வங்காள இளைஞரின் நினைவாக. ஓர் ஈயின் தயவில் இரண்டு நூற்றாண்டு கழித்து அந்த ஓவியருக்கு மரியாதை கிடைத்தது. எனக்கு இதில் வருத்தமில்லை.

செடியில் தாராளமாக இருக்கலாம் என்று முன்பே சொன்னேன். ஜாவா ஃபெர்னைக் கட்டையில் கட்டிவிட்டால் போதும், மண்ணே வேண்டாம். இலங்கையின் கிரிப்டோகொரைன் செடிகள் குறைந்த வெளிச்சத்தில் வளரும், ஹார்லெக்வின் அந்த அகன்ற இலையின் அடிப்பக்கத்தில் தலைகீழாகத் திரும்பி முட்டை ஒட்டும். தெருவோரப் பாதாம் மரத்தின் உதிர்ந்த சருகை, பூச்சிமருந்து படாத இடமாகப் பார்த்து எடுத்துக் கழுவிப் போட்டால் நீர் லேசாகப் பழுப்பேறும். ஃபைட்டர் வளர்ப்பவர்கள் காலம் காலமாகச் செய்வது இதைத்தான். ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ 1980-களிலிருந்து செடித்தொட்டியை ஒரு நிலக்காட்சிக் கலையாக்கினார். 2015-இல் இறப்பதற்கு முன் லிஸ்பன் காட்சியகத்தில் அவர் அமைத்த கடைசித் தொட்டி 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர். அவர் வழியில் வந்தவர்கள் பலருடைய தொட்டிகளில் மீன் ஒரு தூரிகைப்புள்ளி மட்டும். அழகுதான், ஆனால் அங்கே மீனுக்கு ஒளிய இடம் இருக்கிறதா என்று என் கண் தேடிக்கொண்டே இருக்கும்.

கடைசியாக, எந்த ஆசியத் தொட்டியிலும் அழைக்காமல் வந்து சேரும் தென் அமெரிக்க விருந்தாளியைப் பற்றி. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி ஒவ்வொரு வாங்குதலோடும் ஒரு சக்கர் மீனைப் போட்டுத் தருகிறார்கள். அது சுத்தம் செய்வதைவிடக் கழிப்பது அதிகம். ஓரடிக்கு மேல் வளர்ந்து தொட்டி போதாமல் போகும்போது, கொல்ல மனம் வராத நல்லவர்கள் அதை ஏரியில் விடுகிறார்கள். தமிழ்நாட்டின் ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் இப்போது வலை போடுகிறவர்களுக்கு விற்க முடியாத, வலையைக் கிழிக்கிற சக்கர் ஏறுகிறது. கரையில் துளையிட்டு முட்டையிடும். அயிரையும் குபானஸும் வாழ்ந்த அதே நீர்நிலைகள்தான் இவை. வண்ணமீன் கடையின் கண்டக் கலவை தொட்டியோடு நிற்கவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். சக்கரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வளர்க்க முடியாமல் போன மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கிற இன்னொருவரைத் தேடிக் கொடுங்கள். ஏரியிலோ கோயில் குளத்திலோ கிணற்றிலோ விடாதீர்கள். அது கப்பியாக இருந்தாலும் சரி.